சரியாக வந்த எழுபது

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு ஒன்று உண்டு. அது மருந்தாளுநர் சான்றிதழில், கண்ணாடிச் சட்டத்துக்குள், கடைச் சுவரில் தொங்குகிறது. அதை நின்று படித்தவர் யாருமில்லை. மருந்து வாங்க வருகிறவர்களிலிருந்து பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ‘இன்னொருதரம்’தான். எதை எண்ணினாலும் முடித்த கையோடு, “எதுக்கும் இன்னொருதரம்” என்று முனகிக்கொண்டு முதலிலிருந்து மறுபடி எண்ணுவார். இரண்டு மாத்திரை என்றாலும் அப்படித்தான். ஒன்று என்றாலும்.

இந்தச் சந்தேகம் தொழிலில் வந்ததா, கூடப் பிறந்ததா என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயம். கல்யாணப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, “இது அழியாத மைதானே?” என்று அதிகாரியைக் கேட்டவர் அவர். பக்கத்தில் நின்ற மணப்பெண் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. இருபத்தாறு வருடமாகக் கூடவே குடும்பம் நடத்துகிறார். சந்தேகம் ஒட்டுவாரொட்டி என்பதற்கு அந்த மனைவியாரே சான்று. இன்று அந்த வீட்டில் பால் பாக்கெட்டைக்கூட இருவரும் தனித்தனியாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் காய்ச்சுவார்கள்.

கடை மனைவியாரின் அண்ணனுடையது. கல்லாவில் அண்ணன், அதாவது மச்சான். உள்பக்க மருந்து மேடையில் மாப்பிள்ளை. இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த நம்பிக்கையை அளக்க, கடையில் இருந்த மிகச் சிறிய தராசே பெரிது.

இன்னொருதரத்தின் புலமை முழுவதும் வெளிப்படும் துறை ஒன்று உண்டு. அது படிச் சீட்டு. பெயர் அவர் வைத்ததுதான். சில மருந்துகளை எடுத்த எடுப்பில் முழு அளவில் கொடுக்கக் கூடாது, வாரத்துக்கு ஒரு படியாக ஏற்ற வேண்டும். கவனம் ஓரிடத்தில் நிற்காமல் ஓடுகிறவர்களுக்கு, டாக்டர்கள் ஏடிஹெச்டி என்று சொல்லும் தொந்தரவுக்கு, கொடுக்கிற மாத்திரை ஒன்று அப்படிப்பட்டது. முதல் வாரம் தினம் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு, பிறகு மூன்று, பிறகு நான்கு. மொத்தம் எத்தனை மாத்திரை என்று சீட்டின் அடியில் டாக்டர் எழுத வேண்டும். எழுதுவார்கள். தப்பாக எழுதுவார்கள். நான்கு வாரத்துக்கு இருபத்தெட்டு நாள், ஆகவே இருபத்தெட்டு என்பார் ஒருவர். கடைசிப் படியை மட்டும் பார்த்து நூற்றுப்பன்னிரண்டு என்பார் இன்னொருவர். அடுத்த தெரு மனநல டாக்டர் ஒருமுறை நாற்பது என்று எழுதினார். அது எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, டாக்டர் உட்பட.

இந்தத் தப்புகளையெல்லாம் தேதிவாரியாகச் சிவப்பு மையில் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார் இன்னொருதரம். ஒவ்வொன்றுக்கும் டாக்டருக்கு ஒரு போன். இருபத்தாறு வருடத்தில் ஒரு படிச் சீட்டாவது சரியான கூட்டலோடு வந்ததில்லை. இதில் அவருக்கு வருத்தம் என்று நினைப்பவர்கள் அவரை அறியாதவர்கள்.

அந்த மாத்திரைக்குப் பூட்டிய அலமாரி. அலமாரிக்கு ஒரு ரிஜிஸ்டர். சாவி இன்னொருதரத்தின் கழுத்தில். போன தடவை மருந்து ஆய்வாளர் வந்து எண்ணியபோது இரண்டு மாத்திரை குறைந்தது. மூன்று நாள் கழித்து அவை இழுப்பறைக்கு அடியில் தூசியும் தும்புமாகக் கிடைத்தன, ஆனால் ஆய்வாளர் எழுதியது எழுதியதுதான். இன்னொரு தடவை ஒரே ஒரு மாத்திரை குறைந்தாலும் அலமாரிக்கான அனுமதி ரத்து.

“அலமாரி போச்சுன்னா, மாப்ளே, உங்களுக்கு முன்பக்கம்தான்,” என்றிருந்தார் மச்சான். “சோப்பு, பவுடர், டயப்பர். டயப்பரை எத்தனை தரம் வேணாலும் எண்ணிக்குங்க. யாரும் கேக்க மாட்டாங்க.”

யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் இன்னொருதரத்தைத் தூங்கவிடவில்லை.

ஆய்வாளர் மறுபடி வருவதாகச் சொன்ன நாளும் வந்தது. மாலை நான்கு மணிக்கு வருகை. காலையில் நூறு மாத்திரை உள்ள புதுப் பாட்டிலைத் திறந்து, எண்ணி, இன்னொருதரம் எண்ணி, ரிஜிஸ்டரில் நூறு என்று பதிந்தார்.

பதினோரு மணிக்கு ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயதிருக்கும். கொண்டையில் ஒரு பென்சில், காதுக்கு மேல் ஒரு பென்சில். கைப்பையைக் கிளறி மூன்றாவது பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தார். டைல்ஸ் கடையில், எந்த அறைக்கு எத்தனை டைல்ஸ் வேண்டும் என்று அளந்து கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலை. வரும்போதே, “லேட்டாயிடுச்சு சார், நாளைக்குக் காலையில ஆரம்பிக்கணும்,” என்று படிச் சீட்டை நீட்டினார்.

படிச் சீட்டுக்கு இன்னொருதரம் வாரத்துக்கு ஒரு கவர் போடுவார். எந்த நோயாளியும் கணக்குப் பார்த்துச் சாப்பிடுவார் என்று அவர் நம்பியதில்லை. முதல் வாரம் எப்போதும் தினம் ஒன்று என்பதால், கூட்டலைப் பார்க்கும் முன்பே முதல் கவரைப் போட்டுவிடுவது வழக்கம். தட்டில் ஏழு மாத்திரை தள்ளினார். இன்னொருதரம் ஏழு. கவரில் போட்டு, பெண்மணியின் பெயரை எழுதி, ‘காலையில் ஒன்று’ என்று எழுதி, ஒட்டினார். பிறகு சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, விருந்துக்கு இலை போட்டவரின் முகத்தோடு சீட்டின் அடிப்பாகத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனார்.

எழுபது என்றிருந்தது.

ஏழு, பதினாலு, இருபத்தொன்று, இருபத்தெட்டு. கூட்டினார். எழுபது. கீழிருந்து மேலாகக் கூட்டினார். எழுபது.

சீட்டை மறுபடி பார்த்தார். கையெழுத்து தெளிவாக இருந்தது. மருந்தின் பெயரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இதைவிட அப்பட்டமான போலிச் சீட்டு உலகத்தில் உண்டா? எதிரில் நிற்கும் ஆசாமி பாய்ந்து பறித்துக்கொண்டு ஓடினால் என்ன செய்வது என்று, ஒட்டிய கவரை யாரும் பார்க்காதபடி தன் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் நழுவவிட்டார்.

“இந்த எழுபது யார் போட்டது?”

“ஏன் சார், தப்பா?”

“சரியா இருக்கு.”

“அப்புறம் என்ன சார்?”

“அதைத்தான் கேக்கறேன்.”

கல்லாவிலிருந்து மச்சானின் தலை எட்டிப் பார்த்தது. இன்னொருதரம் பெண்மணியின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் டாக்டருக்குப் போன் போட்டார்.

“டாக்டர், மருந்துக் கடையிலருந்து பேசறேன்.”

“தெரியுதுய்யா. இன்னிக்கு என்ன தப்பு?”

“ஒண்ணும் தப்பில்லை டாக்டர். அதான் பிரச்சினை.”

“நான் இருபத்தெட்டுன்னுதான்யா எழுதப் போனேன். அந்தம்மாதான், ‘இது மாடிப்படிப் பக்கவாட்டுச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டற கணக்கு டாக்டர். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஆக பத்து. ஏழு நாளைக்கு எழுபது’ன்னு டக்குனு சொல்லிட்டாங்க. உங்க போனுக்குப் பயந்து கையெழுத்தைக்கூட நிறுத்தி நிதானமாப் போட்டேன். அதுக்கும் போனா?”

“இவ்வளவு வேகமாக் கணக்குப் போடறவங்களுக்கு இந்த மருந்து எதுக்கு டாக்டர்?”

“கணக்கு பிரமாதமாப் போடுவாங்க. போட்ட காகிதத்தை எங்க வெச்சாங்கன்னு தெரியாது. போன மாசம் ஒரு வீட்டுக் குளியலறைக் கணக்கு பக்கத்து வீட்டுக்காரருக்குப் போயிருக்கு. வேலையே ஆட்டம் காணுது. மருந்தைக் குடுங்கய்யா, புண்ணியமாப் போகும்.”

விசாரணை முடிந்தது. விசாரணைக்கு முன் நடந்த எதையும் கணக்கில் சேர்ப்பது முறையல்ல என்பதால், இன்னொருதரம் முதலிலிருந்து ஆரம்பித்தார். ஏழு, பதினாலு, இருபத்தொன்று, இருபத்தெட்டு. நான்கு கவர். எல்லாம் இரண்டு தரம் எண்ணப்பட்டவை. ரிஜிஸ்டரில் எழுபது கொடுத்தது, மீதி முப்பது என்று பதிந்து கையெழுத்திட்டார். பெண்மணி நன்றி சொல்லிவிட்டுப் போனார். குடையை மறந்து திரும்பி வந்தார். போனார். கைப்பையை மறந்து திரும்பி வந்தார். ஒவ்வொரு வருகையையும் இன்னொருதரம் நேரத்தோடு மனதில் குறித்துக்கொண்டார்.

ஒரு மணிக்கு வீட்டில் சாப்பாடு. காலைக் கோட்டை அங்கே கழற்றிப்போட்டு, துவைத்துத் தேய்த்த மாலைக் கோட்டை மாட்டிக்கொண்டு வருவது அவர் வழக்கம். காலை நோயாளியின் கிருமி மாலை நோயாளிக்குப் போய்விடக் கூடாதாம்.

இரண்டேகாலுக்கு அலமாரியைத் திறந்து, ஆய்வாளர் வருமுன் எதற்கும் என்று, பாட்டிலைத் தட்டில் கவிழ்த்து எண்ணினார்.

இருபத்துமூன்று.

இன்னொருதரம் எண்ணினார். இருபத்துமூன்று. வாழ்க்கையில் முதன்முறையாக மூன்றாம் தரம் எண்ணினார். மாத்திரைகளுக்கு இரக்கமே இல்லை.

ஏழு குறைகிறது. கண்முன் டயப்பர் மூட்டைகள் அணிவகுத்தன. அவர் முன்பக்கத்துக்குப் போய்க் கல்லாவின் எதிரில் நின்றார். மச்சான் இன்று காலையிலிருந்து இரண்டு தடவை இருக்கையை விட்டு எழுந்திருக்கிறார். சாதாரணமாக எழுந்திருக்கிற ஆளா?

“மச்சான், கொஞ்சம் பையைக் காட்டுங்க.”

“என்ன மாப்ளே, என் கடையில என் பையையா?”

“கடை உங்களுது. அலமாரி என்னுது. காட்டுங்க.”

மச்சான் சட்டைப் பையைக் கவிழ்த்தார். ஒரு பழைய பஸ் டிக்கெட், இருமல் மிட்டாய் சுற்றியிருந்த காகிதம் இரண்டு.

“இது நம்ம சரக்கு.”

“தொண்டை கட்டியிருந்துச்சு.”

“பில் போட்டீங்களா?”

மச்சான் விசிறியின் வேகத்தைக் கூட்டினார். இன்னொருதரம் தரையில் படுத்து இழுப்பறைக்கு அடியில் கைவிட்டார். கிடைத்தது ஒரு சட்டைப் பித்தான். ஆறு வருடத்துக்கு முன் அதைத் திருடியதாக ஒரு சலவைக்காரரைக் கேஸ் போடுவேன் என்று மிரட்டியது நினைவுக்கு வந்தது. பித்தானை வேறு யாரோ பிறகு கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும் என்று தீர்மானித்து எழுந்தார்.

மிச்சம் ஒரே ஆள்தான். குடைக்கு ஒரு தரம், பைக்கு ஒரு தரம் திரும்பி வந்த ஆள். போன் போட்டார். “மேடம், குடுத்த மருந்து அத்தனையும் எடுத்துக்கிட்டு உடனே வாங்க.”

மூன்று மணிக்குக் கைநிறைய சிமென்ட் தூளோடு வந்து நின்றார் டைல்ஸ் பெண்மணி. நான்கு கவரையும் மேடையில் பரப்பினார். பிரித்து எண்ணினார் இன்னொருதரம். எழுபது. ஒன்றுகூட அதிகமில்லை, ஒன்றுகூடக் குறைவில்லை. இந்தச் சனியன் பிடித்த எழுபது இன்று அவரைத் துரத்துவதென்றே கிளம்பியிருந்தது.

“நானும் வெளிய போனதுமே எண்ணிட்டேன் சார்,” என்றார் பெண்மணி. “நீங்க பார்த்த பார்வையில எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு. என்ன காணோம்?”

“ஏழு.”

“சார், ஒண்ணு சொல்லட்டுமா? தினம் நாலு பொருளைத் தொலைக்கற அனுபவத்துல சொல்றேன். காணோம்னா நான் முதல்ல என் பையைத்தான் பாப்பேன். பாதி நேரம் அங்கதான் இருக்கும்.”

இன்னொருதரம் ஒரு பெருந்தன்மையான சிரிப்புச் சிரித்தார். அந்தம்மாவின் திருப்திக்காகக் கோட்டுப் பையின் உள்துணியை வெளியே இழுத்துக் காட்டினார். மாலைக் கோட்டு. தேய்த்த மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை.

“பார்த்துக்குங்க. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.”

ஆய்வாளர் வந்துபோகும்வரை அந்தம்மாவை அவர் போகவிடுவதாக இல்லை. மூன்றே முக்காலுக்கு மனைவியார் கடைக்கு வந்தார். கடைக்கு வரும் வழக்கமில்லாதவர். முந்தானையை இழுத்துச் செருகியிருந்த விதத்தைப் பார்த்ததும் மச்சான் கல்லாவைச் சாத்தினார். மனைவியார் நேராக மருந்து மேடைக்குப் போய், ஒரு சின்னக் கவரை அதன்மேல் வைத்தார்.

“யாருங்க இது?”

கவரில் ஒரு பெண்ணின் பெயர். அடியில் ‘காலையில் ஒன்று’. எல்லாம் கணவரின் கையெழுத்து.

“இருபத்தாறு வருஷத்துல எம்பேரை இவ்வளவு அழகா ஒரு தடவை எழுதியிருப்பீங்களா?”

“என்னம்மா ஆச்சு?” என்றார் அண்ணன்.

“நீங்க சும்மா இருங்கண்ணே. கோட்டை மெஷின்ல போடறதுக்கு முன்னாடி பையைப் பார்த்தேன். தினமும் பாப்பேன். இன்னிக்குப் பலன் கிடைச்சுது. யாரு இவ?”

“அது எம்பேருங்க,” என்று மெல்லக் கையைத் தூக்கினார் டைல்ஸ் பெண்மணி.

மனைவியார் திரும்பிப் பார்த்தார். கொண்டைப் பென்சிலிலிருந்து செருப்பு வரை ஒரு பார்வை. மறுபடி, எதற்கும் இன்னொருதரம், செருப்பிலிருந்து பென்சில் வரை.

“ஐயோ அக்கா, நான் மருந்து வாங்க வந்தவ.”

“மருந்து வாங்க வந்தவங்க பேரு இவரு பையில எதுக்கு?”

நியாயமான கேள்வி. எல்லோரும் இன்னொருதரத்தைப் பார்த்தார்கள். அவர் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றால், அந்தக் கணத்தில் அவர் மனதில் முதலில் எழுந்த கேள்வி, ‘என் கோட்டில் இதை யார் போட்டது?’ என்பதுதான். அதன் பிறகே, எழுபதைப் பார்த்த அதிர்ச்சியும், கை பைக்குள் போனதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மனைவியார் பையைத் துழாவியிருக்காவிட்டால் ஏழு மாத்திரையும் இந்நேரம் சோப்பு நுரையில் கரைந்திருக்கும். கூடவே அலமாரியும்.

“மாப்ளே,” என்றார் மச்சான், சாவகாசமாக. “கொஞ்சம் பையைக் காட்டுங்க.”

நடந்ததை அவர் சொல்லி முடித்தபோது மணி நான்காகப் பத்து நிமிஷம் இருந்தது. மச்சான் மேடைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “சரி, ஆனது ஆச்சு. கவரைக் கிழிச்சு பாட்டில்ல கொட்டுங்க. முப்பது. முடிஞ்சுது கதை. யாருக்குத் தெரியப்போகுது?”

இன்னொருதரத்தின் கை கவர்மேல் போனது. நின்றது.

“எனக்குத் தெரியுமே.”

“நீங்க யார்கிட்ட சொல்லப் போறீங்க?”

“இது கடையை விட்டு வெளிய போன மாத்திரை மச்சான். அழுக்குத் துணியோட படுத்துக் கிடந்திருக்கு. இதை நாளைக்கு ஒருத்தர் வாயில போடணும். வேற எந்தக் கடைக்காரனாவது இப்படிப் பண்ணியிருந்தா, நான் சும்மா விட்டிருப்பேனா?”

சிவப்புப் பேனாவை எடுத்தார். டாக்டர்களுக்காக மட்டும் வாங்கிய பேனா அது. ரிஜிஸ்டரில், நிறுத்தி நிதானமாக எழுதினார்: ‘பாட்டிலில் இருபத்துமூன்று. மீதி ஏழு, சீட்டைச் சந்தேகப்பட்டு நானே என் கோட்டுப் பையில் போட்டு மறந்தது. வீட்டுக்குப் போய் வந்ததால் மறுபடி கொடுக்கத் தகாதது. கண்டெடுத்தவர் மனைவி.’ கையெழுத்திட்டு, மை காயும்வரை ஊதினார்.

நான்கு மணிக்கு வந்த ஆய்வாளர் மெலிந்த, பேசாத மனிதர். மாத்திரைகளை எண்ணினார். சிவப்பு வரிகளைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“இது நிஜமா?”

“ஆமாங்க சார்.”

“பத்தொன்பது வருஷமா ரிஜிஸ்டர் பாக்கறேன். எலி தின்னுச்சு, மழையில நனைஞ்சுது, முந்தின ஆள் எடுத்துட்டான்னுதான் எழுதுவாங்க. தானே பையில போட்டேன்னு ஒருத்தரும் எழுதினதில்லை.” அவர் கண்கள் சுருங்கின. “இதை எழுதி வேற எதை மறைக்கறீங்க?”

உண்மை இவ்வளவு சந்தேகத்துக்கு இடமாக இருக்கும் என்று இன்னொருதரம் ஒருநாளும் எண்ணியதில்லை. காலையில் இதே இடத்தில் நின்று ‘அப்புறம் என்ன சார்?’ என்று கேட்ட பெண்மணியை ஓரக்கண்ணால் பார்த்தார். பெண்மணி காதுப் பென்சிலைச் சரிசெய்துகொண்டு கூரையைப் பார்த்தார்.

ஆய்வாளர் அலமாரி முழுவதையும் எண்ணினார். ஒவ்வொரு பாட்டிலும் சரியாக இருக்க இருக்க முகம் இறுகியது. கடைசியில் வேறு வழியில்லாமல் ஏழு மாத்திரையைத் தனிக் கவரில் அழிப்புக்கு எடுத்துவைத்து முத்திரையிட்டார். “எண்ணிக்கை சரி. அலமாரி இருக்கட்டும். ஆனா இனிமே ஒவ்வொரு தடவை எடுத்த பிறகும், அன்னிக்கே ரெண்டாவது ஆள் ஒருத்தர் எண்ணிக் கையெழுத்துப் போடணும். நீங்க யாரை நம்புவீங்க?”

இன்னொருதரம் மச்சானைப் பார்த்தார். இருமல் மிட்டாய்க் காகிதம் கண்ணில் பட்டது. வாசலைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

“யாரையும் இல்லை சார்.”

“சரி. உங்களைக் கொஞ்சம்கூட நம்பாதவங்க யாராவது இருக்காங்களா?”

எல்லோருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியது. முந்தானையை இன்னும் இறக்காமல் நின்ற மனைவியார், “எங்க கையெழுத்துப் போடணும்?” என்று பேனாவை வாங்கினார். போடுமுன், “இது அழியாத மைதானே?” என்று கேட்டார்.

நான்கு வாரம் கழித்து டைல்ஸ் பெண்மணி அடுத்த சீட்டோடு வந்தார். கொண்டையில் ஒரே ஒரு பென்சில். வேலை தப்பியது, குளியலறைகள் அவரவர் வீட்டுக்கே போகின்றன. இனி ஏற்றம் இல்லை. தினம் நான்கு, இருபத்தெட்டு நாளைக்கு. சீட்டின் அடியில் எண்பத்துநான்கு என்று கோணலாக எழுதியிருந்தது.

இன்னொருதரம் அதைப் படிக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“நீங்க கணக்குப் பார்க்கலையா மேடம்?”

“பார்த்தேன் சார். நூத்துப்பன்னிரண்டு. டாக்டர்கிட்ட சொல்லலை. சரியா இருந்தா நீங்க குடுக்க மாட்டீங்களே.”

“அசல் சீட்டு!” என்று மச்சானுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவைத் திறந்து டாக்டருக்குப் போன் போட்டார் இன்னொருதரம். டாக்டர் திருத்திச் சொன்ன நூற்றுப்பன்னிரண்டை எண்ணினார், மறுபடி எண்ணினார், கொடுத்தார். மேடைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவியார் எழுந்து, பாட்டிலில் மிஞ்சியதைத் தட்டில் கவிழ்த்துத் தானும் எண்ணினார். ரிஜிஸ்டரை இழுத்துக் கையெழுத்துப் போடப் போனவர், நிறுத்தி, கணவரின் கோட்டைப் பார்த்தார்.

“பையைக் காட்டுங்க.”

காட்டினார்.

“இன்னொருதரம்.”